மணல் போனாலும் மணம் போகாத கரை

பாலக்காட்டிலிருந்து பொன்னானி வரை, நிளா நதிப் பள்ளத்தாக்கில் மூன்று பகல் பயணம். பார்க்க நிறைய இருக்கிறது. சாப்பிட அதைவிட நிறைய. ஆறு மட்டும் அங்கங்கே இருக்கிறது.

சென்னையிலிருந்து மங்களூர் செல்லும் ரயில் பாலக்காட்டைத் தாண்டிப் பறளியை நெருங்கும்போது, விவரம் தெரிந்த பயணிகள் இடப்பக்க ஜன்னலுக்கு நகர்கிறார்கள். அங்கிருந்து குற்றிப்புரம் வரை, ஏறத்தாழ 60 கி.மீ. தூரத்துக்கு, பாரதப்புழா ரயிலுக்குத் துணையாக வருகிறது. கண்ணில் படும், மறையும், மறுபடி தலைகாட்டும். மழைக்காலத்தில் போகிறவர் அகன்ற ஆற்றைப் பார்க்கிறார். மார்ச் மாதம் போகிறவரோ ஆளுயரப் புல்லையும் மேயும் மாடுகளையும் கிரிக்கெட் ஆடும் பையன்களையும் பார்த்துவிட்டு, "ஆறு எங்கே?" என்று பக்கத்து இருக்கைக்காரரைக் கேட்கிறார். அந்தப் புல்வெளிதான் ஆறு.

ஆனைமலையில் பிறந்து, பொள்ளாச்சிச் சீமையைத் தொட்டு, பாலக்காட்டுக் கணவாய் வழியே மேற்கே இறங்கி, 209 கி.மீ. ஓடிப் பொன்னானியில் கடலில் கலக்கிறது இந்த ஆறு. கேரளத்தில் பெரியாற்றுக்கு அடுத்தபடியாக நீளமானது. கவிஞர்களுக்கு நிளா, கரையோர மக்களில் பலருக்கும் அப்படித்தான். ஆற்றுப் பள்ளத்தாக்கின் பெரும்பகுதி 1956 வரை சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்தது. தமிழும் மலையாளமும் இங்கே ஒரே அடுப்பில் சமைக்கப்பட்டவை.

மலைகளும் படகு வீடுகளும் கொண்ட கேரளத்தைத் தேடிப் போகிறவர்கள் இந்தப் பகுதியை ரயிலில் கடந்துவிடுகிறார்கள். இறங்குகிறவர்களுக்கு வயிறும் மனமும் நிறைகிறது. இங்கே இலையில் விழும் அரிசி, அதை வேகவைக்கும் மண்பானை, கோயிலுக்குப் போகும் தாமரை எல்லாமே இந்தப் பள்ளத்தாக்கின் மண்ணும் தண்ணீரும் தந்தவை. எனவே இங்கே சாப்பிட உட்காருகிறவர், தெரிந்தோ தெரியாமலோ, ஆற்றின் வரவு செலவுக் கணக்கையும் பார்த்துவிடுகிறார்.

பானை வாயில் ஓர் இட்லி

முதல் நாள் காலை உணவுக்கு ராமசேரி. கோவையிலிருந்து வருகிறவர்கள் பாலக்காடு நகரை அடைவதற்கு முன்பே பிரிந்து செல்ல வேண்டிய கிராமம் இது. எலப்புள்ளிக்கு அருகே, பனைமரங்கள் வரிசை கட்டிய வயல்களுக்கு நடுவே இருக்கிறது. பெயர்ப் பலகையைவிட ஆவி மணம் நன்றாக வழிகாட்டும்.

ராமசேரி இட்லி பார்ப்பதற்கு இட்லி போலவே இருக்காது. தட்டையாக, அகலமாக, கொஞ்சம் தடித்த ஆப்பத்தைப் போலிருக்கும். தண்ணீர் கொதிக்கும் மண்பானையின் வாயில், நூலால் வலை பின்னிய மண் வளையத்தை வைத்து, அதன்மேல் துணி விரித்து, மாவை ஊற்றி, மேலே இன்னொரு பாத்திரத்தால் மூடுகிறார்கள். விறகடுப்பின் சூட்டில் நூல் வலை வழியாக ஆவி ஏறுகிறது. குழி இல்லாததால் மாவு பரவி வேகிறது. தேங்காய் எண்ணெயில் குழைத்த பொடியுடன் தருகிறார்கள். மறுநாள் வரை கெடாது என்பதால் ஊருக்குப் பொட்டலம் கட்டிச் செல்கிறவர்களும் உண்டு.

இதைச் செய்து வருபவர்கள் தமிழகத்திலிருந்து வந்து குடியேறிய முதலியார் குடும்பங்கள். முன்னோர்கள் காஞ்சிபுரத்துப் பக்கம் என்கிறார்கள். ஒரு காலத்தில் ஊரில் பல வீடுகளில் நடந்த தொழில் இப்போது விரல்விட்டு எண்ணக்கூடிய அடுப்புகளுக்குச் சுருங்கிவிட்டது. விறகுப் புகையில் உட்கார இளையவர்களுக்கு விருப்பமில்லை. பானைக்கும் தட்டுப்பாடு. வனையத் தெரிந்தவர்கள் குறைந்துவிட்டார்கள். வயல் மண்ணை நினைத்தபடி வெட்டி எடுக்கவும் முடியாது. நெல்வயல்களைக் காக்க 2008-ல் கேரளம் சட்டம் கொண்டுவந்தது. வயல் பிழைக்க வேண்டும், பானையும் பிழைக்க வேண்டும் என்பது ராமசேரியின் சங்கடம். அலுமினியப் பாத்திரத்தில் வேகவைத்தால் ருசி மாறிவிடும் என்பதில் ஊருக்குள் கருத்து வேறுபாடு இல்லை.

அங்கிருந்து தஸ்ராக் அதிக தூரமில்லை. ஓ.வி. விஜயன் 'கசாக்கின்டே இதிகாசம்' நாவலில் (1969) கசாக் என்று பெயர் மாற்றி உலவவிட்ட ஊர். அவருடைய சகோதரி இங்கே ஓராசிரியர் பள்ளியில் வேலை பார்த்தபோது, 1950-களில் விஜயன் வந்து தங்கினார். நாற்றங்கால் வேலைக்காகக் கட்டப்பட்ட சிறிய வீடு இப்போது அவருடைய நினைவிடம். நாவலைப் படிக்காதவர்களுக்கும் அந்தப் பனைகளின் காற்று இலவசம்.

தெற்கே, தமிழக எல்லையை ஒட்டிய சித்தூர் பக்கம் போனால் ஆற்றின் கிளைக்கு அழகான பெயர்: சோகநாசினி. மலையாள மொழியின் தந்தை எனப் போற்றப்படும் எழுத்தச்சன் தமது கடைசிக் காலத்தை இங்கே கழித்தார். கேரளத்துக் கள்ளுக்கடைகள் பலவற்றுக்கும் கள் போவது இந்தத் தாலுகாவின் தென்னந்தோப்புகளிலிருந்துதான். கடைகளில் கள்ளைவிடக் கப்பையும் காரமான மீன்கறியும் தேடி வருகிறவர்கள் உண்டு. சோகநாசினிக்கும் சோகம் இருக்கிறது. நிலத்தடி நீரை உறிஞ்சியதாகக் குற்றம் சாட்டப்பட்ட குளிர்பான ஆலையை எதிர்த்து 2002-ல் ஆதிவாசிகள் போராட்டம் தொடங்கிய பிளாச்சிமடா இந்தத் தாலுகாவில்தான் இருக்கிறது. 2004-ல் ஆலை நின்றது. கோடை வந்தால் சித்தூர் விவசாயிகளின் கண் பொள்ளாச்சிப் பக்கம் திரும்பும். ஆழியாற்றுத் தண்ணீரில் யாருக்கு எவ்வளவு என்பது 1970-ல் இரு மாநிலங்களும் கையெழுத்திட்ட பரம்பிக்குளம்-ஆழியாறு ஒப்பந்தத்தின் விவகாரம்.

காசியில் பாதி

பிற்பகலுக்குக் கல்பாத்தி. பாலக்காடு நகரத்துக்குள்ளேயே, ஆற்றின் மற்றொரு கிளையின் கரையில் இருக்கும் அக்ரஹாரம். தெருவின் இருபுறமும் தோளோடு தோள் உரசும் ஓட்டு வீடுகள், திண்ணைகள், கோலங்கள். வீட்டுக்குள்ளே பேசுவது மலையாளம் கலந்த பாலக்காட்டுத் தமிழ். காசியிலிருந்து ஒரு பெண்மணி கொண்டு வந்த லிங்கமே விசுவநாத சுவாமி கோயிலில் இருப்பது என்பது ஐதீகம். 'காசியில் பாதி கல்பாத்தி' என்ற வழக்கு ஏற்பட்டது கோயிலிலிருந்து ஆற்றுக்கு இறங்கும் படிகளால். ஐப்பசியில், அதாவது நவம்பரில், தேர்த் திருவிழா நடக்கிறது. தெருவின் முனைக்கு முனை தேர்கள் சந்திக்கும் நேரத்தில் நிற்க இடம் கிடைக்காது.

சாப்பாட்டில் இந்த அக்ரஹாரம் தஞ்சாவூரையும் மலபாரையும் சமரசம் செய்து வைத்திருக்கிறது. மொளகூட்டல், அரைச்சுக்கலக்கி, புளி இஞ்சி ஆகியவற்றை நல்ல கையால் சமைத்துச் சாப்பிட, யாராவது வீட்டுக்கு அழைக்க வேண்டும். அழைப்பில்லாதவர்களுக்குச் சிறிய மெஸ்கள் இருக்கின்றன. அப்பளமும் வடாமும் கொண்டாட்டமும் விற்கும் வீடுகள் இருக்கின்றன. பாகற்காய், சுண்டைக்காய், மோர்மிளகாய் என்று எதையும் வெயிலில் காயவைத்து எண்ணெயில் பொரிக்கத் தெரிந்த ஊர் இது. வெயிலுக்கும் பஞ்சமில்லை. பாலக்காட்டுக் கோடை 40 டிகிரியைத் தொடும்.

கல்பாத்திப் படித்துறையில் மாலையில் உட்காரலாம். மேலே, 1955-ல் திறக்கப்பட்ட மலம்புழா அணை தண்ணீரைப் பிடித்து நெல்வயலுக்கு அனுப்புகிறது. மிஞ்சியதுதான் படித்துறைக்கு வருகிறது. பாலக்காடு கேரளத்தின் நெற்களஞ்சியமாக இருப்பதற்கு ஆறு கொடுத்துக்கொண்டிருக்கும் விலை அது. மட்டை அரிசிச் சோற்றைக் குறை சொல்லிச் சாப்பிடும் தமிழர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம். செந்நிறமும் கெட்டித்தன்மையும் கொண்ட பாலக்காட்டு மட்டைக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. முதல் நாள் தொண்டையில் நிற்கும். மூன்றாம் நாள் வெள்ளைச் சோறு சப்பென்று தோன்றும்.

சிரிக்கத் தெரிந்த கரை

கிளைகள் பறளியில் கூடிப் பாரதப்புழாவாகின்றன. இரண்டாம் நாள் பயணம் அங்கிருந்து மேற்கே. லக்கிடி நிலையத்துக்கு அருகே கிள்ளிக்குறிசிமங்கலம். அரசர்களையும் நாயர் வீரர்களையும் சாப்பாட்டு ராமன்களையும் 18-ஆம் நூற்றாண்டில் கிண்டல் செய்து துள்ளல் கலையை வளர்த்த குஞ்சன் நம்பியார் பிறந்த ஊர். அவர் பிறந்த வீடு பாதுகாக்கப்படுகிறது. கூடியாட்டத்தின் மாபெரும் கலைஞரான மாணி மாதவ சாக்கியார் வாழ்ந்ததும் இதே ஊரில்தான்.

லக்கிடியில் பாலத்தைக் கடந்தால் திருவில்வாமலை. குன்றின் மேல் இருக்கிறது வில்வாத்ரிநாதர் கோயில். அருகிலிருக்கும் புனர்ஜனி குகைக்குள் குருவாயூர் ஏகாதசி நாளில் ஆண்கள் தவழ்ந்தும் ஊர்ந்தும் மறுபக்கம் வெளிவருகிறார்கள். வெளியே வந்தால் மறுபிறவி எடுத்ததாக நம்பிக்கை. அடுத்து குத்தாம்புள்ளி என்ற நெசவாளர் கிராமம். கொச்சி அரச குடும்பம் மைசூர்ப் பகுதியிலிருந்து அழைத்து வந்த தேவாங்கர்களின் வழிவந்தவர்கள், கசவு வேட்டிகளையும் சேலைகளையும் கைத்தறியில் நெய்கிறார்கள். தறிச் சத்தம் கேட்கும் வீட்டு வாசலில் நின்று விலை கேட்டால் உள்ளே கூப்பிட்டுக் காட்டுவார்கள். ஓணத்துக்கு முந்தைய வாரங்களில் பேரம் பேசிப் பயனில்லை.

மதிய உணவுக்கு ஒற்றப்பாலம். 1921-ல் கேரள மாநிலக் காங்கிரஸின் முதல் மாநாடு ஆற்றங்கரையிலுள்ள இந்த ஊரில்தான் நடந்தது. இன்றைக்கு சினிமாக்காரர்களின் ஊராக அதைவிடப் பிரபலம். அருகே மனிசேரியிலுள்ள வரிக்காசேரி மனையைத் தெரியாத மலையாள ரசிகர் இல்லை. 'தேவாசுரம்' (1993) படத்தில் மோகன்லால் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்த வீடு. பஸ் நிலையத்தைச் சுற்றியுள்ள ஓட்டல்களில் சோறு, சாம்பார், அவியல், பொரித்த மீன் என்று எளிமையான ஊண். மாலையில் சாயாவும் பழம்பொரியும். நேந்திரம்பழம் நன்றாகக் கனிந்திருந்தால் பழம்பொரிக்கு வேறு பக்கவாத்தியம் தேவையில்லை.

கதகளியும் பிரியாணியும்

ஷொர்ணூர் சந்திப்பில் இறங்கி ஆற்றைக் கடந்தால் செறுதுருத்தி. கவிஞர் வள்ளத்தோளும் மணக்குளம் முகுந்தராஜாவும் 1930-ல் தொடங்கிய கலாமண்டலம் இங்கே இருக்கிறது. விடிவதற்கு முன்பே பயிற்சி தொடங்கிவிடும். காலை வகுப்புகளைப் பார்வையாளர்கள் கட்டணம் செலுத்திப் பார்க்க வழி உண்டு. மரக்கட்டையில் தாளம் போடும் ஆசான், கண்ணை மட்டும் அசைக்கும் சிறுவர்கள், பக்கத்து அறையில் செண்டை. 2021 முதல் கதகளி வகுப்பில் சிறுமிகளும் சேர்க்கப்படுகிறார்கள். 2024-ல் இன்னொரு மாற்றம். தொடங்கிய நாளிலிருந்து சைவமாகவே இருந்த வளாகத்தில் மாணவர்களுக்குச் சிக்கன் பிரியாணி பரிமாறப்பட்டது. எண்ணெய்த் தடவலும் உழிச்சலும் நடக்கும் இடத்தில் இதெல்லாம் சரிவருமா என்று சில ஆசான்கள் முகம் சுளித்தார்கள். மாணவர்கள் சாப்பிட்டார்கள்.

பழைய கலாமண்டலம் இருந்த இடம் ஆற்றங்கரை. வள்ளத்தோளின் சமாதியும் அங்கேதான். சற்றுத் தள்ளி, ஆற்றின் குறுக்கே, பாதி நிற்கும் பாதி விழுந்த பழைய கொச்சிப் பாலம். ஷொர்ணூர்-கொச்சி ரயில் பாதைக்காக 1902-ல் எழுந்தது. அந்தப் பாதைக்குப் பணம் திரட்ட, கொச்சி ராஜா கோயில் யானைகளின் தங்க நெற்றிப்பட்டங்களை விற்றார் என்று சொல்வதுண்டு. பின்னர் சாலைப் பாலமான அது 2011-ல் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. வயது ஒரு காரணம். தூண்களைப் பிடித்திருந்த மணலைத் தோண்டி எடுத்தது இன்னொரு காரணம் என்பது கரைவாசிகளின் குற்றச்சாட்டு.

நிளாவின் கதையே மணலின் கதைதான். ஆற்று மணல் ஒரு பஞ்சு. மழைக்காலத் தண்ணீரைக் குடித்து வைத்துக்கொண்டு, கோடையில் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியவிடும். கரையோரக் கிணறுகள் அதில்தான் ஊறின. வளைகுடாப் பணம் வந்து கேரளமெங்கும் கான்கிரீட் வீடுகள் எழும்பியபோது அந்தப் பஞ்சு லாரி லாரியாகப் போயிற்று. மணல் போன இடத்தில் களிமண் தலைகாட்டியது. களிமண்ணில் புல் வந்தது, புதர் வந்தது. மழைத் தண்ணீர் தங்க இடமில்லாமல் சில நாட்களில் கடலுக்கு ஓடியது. கிணறுகள் இறங்கின. ஆற்றங்கரைகளைக் காக்கவும் மணல் அள்ளுவதை ஒழுங்குபடுத்தவும் 2001-ல் சட்டம் வந்தது. அதற்கு முன்பே நிறைய மணல் சுவர்களாகிவிட்டது. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் ஆறு இரு கரையும் தொட்டு ஓடியபோது, இது இவ்வளவு பெரிய ஆறா என்று இளைஞர்கள் வியந்தார்கள். வீடுகளையும் வயல்களையும் பாழ்படுத்திய அதே வெள்ளம் சில இடங்களில் புது மணலையும் விட்டுச் சென்றது. நிளாவுக்கு ஞாபகமறதி கிடையாது.

அரிசியும் அரசியலும் கவிதையும்

மூன்றாம் நாள் பட்டாம்பியிலிருந்து தொடங்கலாம். சென்னை மாகாண அரசு 1927-ல் இங்கே அமைத்த நெல் ஆராய்ச்சி நிலையம் இப்போது கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் கீழ் இயங்குகிறது. மலையாளிகளின் தட்டில் விழும் ஜோதி என்ற சிவப்பரிசி இங்கே உருவானது. மறுகரையில் திருத்தாலா. வெள்ளியாங்கல்லு தடுப்பணையின் மேல் ஆறு தேங்கி நிற்பதால் கோடையிலும் கண்ணுக்குக் குளிர்ச்சி. பூங்கா, சிறுவர்களுக்கு ஊஞ்சல், வாசலில் உப்பிலிட்ட நெல்லிக்காயும் மாங்காயும். மாலையில் குடும்பங்கள் கூடும் இடம்.

இன்னும் மேற்கே கூடல்லூர். தூதப்புழா வந்து கலப்பதால் அந்தப் பெயர். எம்.டி. வாசுதேவன் நாயர் 1933-ல் பிறந்த ஊர். 2024 டிசம்பரில் மறையும்வரை அவர் எழுத்திலும் பேச்சிலும் இந்த ஆறு ஓடிக்கொண்டே இருந்தது. ஆற்றின் சீரழிவைப் பற்றி அவர் புலம்பியது மலையாளிகளுக்குப் பழகிப்போன குரல். பழகிப்போனதுதான் பிரச்சினை. அடுத்த ஊரான குற்றிப்புரத்தில் 1953-ல் பெரிய பாலம் திறக்கப்பட்டபோது, நாடே பெருமைப்பட்டது. பொன்னானியில் வாழ்ந்த கவிஞர் இடசேரி அந்தப் பாலத்தின் மேல் நின்று பெருமையோடு கவலையும் பட்டார். 'குற்றிப்புரம் பாலம்' என்ற அவருடைய கவிதை ஆற்றின் எதிர்காலத்தை நினைத்துக் கலங்கி முடிகிறது. மணல் லாரிகள் அப்போது வந்திருக்கவில்லை.

தாமரை பூக்கும் திருநாவாய்

திருநாவாய் தமிழர்களுக்குப் புதிய ஊரல்ல. நம்மாழ்வாரும் திருமங்கையாழ்வாரும் பாடிய நாவாய்முகுந்தன் கோயில் 108 திவ்யதேசங்களில் ஒன்று. ஆற்றைப் பார்த்து நிற்கிறது. எதிர்க்கரையில் சிவனும் பிரம்மாவும். மும்மூர்த்திகளும் கூடும் துறை என்பதால் பித்ரு காரியங்களுக்கு விசேஷம். கர்க்கடக அமாவாசையன்று படித்துறை நிரம்பி வழியும். காந்தியின் அஸ்தி 1948-ல் இங்கேயும் கரைக்கப்பட்டது.

இதே மணலில்தான் 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை மாமாங்கம் நடந்தது. தலைமை தாங்கிய சாமூதிரியைக் கொல்லச் சபதமெடுத்து, வள்ளுவநாட்டிலிருந்து சாவேர் வீரர்கள் வருவார்கள். சாவார்கள். 18-ஆம் நூற்றாண்டில் இந்த வழக்கம் நின்றுபோனது. சாமூதிரி நின்ற நிலப்பாட்டுத் தறை கொடக்கல் ஓட்டுத் தொழிற்சாலை வளாகத்துக்குள் சிக்கிக்கொண்டிருக்கிறது. பிணங்கள் தள்ளப்பட்டதாகச் சொல்லப்படும் மணிக்கிணறும் பக்கத்தில் உண்டு. சரித்திரத்தின் மேல் ஓடு செய்த ஊர்.

அமைதியான காட்சி ஒன்றும் இருக்கிறது. திருநாவாயைச் சுற்றியுள்ள நீர்நிலைகளில் தாமரை பயிராகிறது. குருவாயூர் உள்ளிட்ட கோயில்களுக்குப் போகும் இந்தப் பூக்களைப் பயிரிடுகிறவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம் விவசாயிகள். காலையில் தோணியில் சென்று மொட்டாகப் பறித்து, கட்டுக் கட்டாக அனுப்புகிறார்கள். பார்க்க விரும்புகிறவர்கள் வெயில் ஏறுவதற்குள் போய்விட வேண்டும். தண்ணீர் வற்றினால் தாமரையும் இல்லை, வியாபாரமும் இல்லை. சாமிக்கும் பூ இல்லை.

கடல் வாய்

பயணம் முடியும் பொன்னானிக்குச் 'சின்ன மக்கா' என்று பெயர். 16-ஆம் நூற்றாண்டின் பெரிய ஜும்மா மசூதி, கேரள பாணியில் ஓடும் மரமுமாக நிற்கிறது. மக்தூம்கள் என்ற அறிஞர் பரம்பரையிடம் பாடம் கேட்க எங்கெங்கிருந்தோ மாணவர்கள் வந்தார்கள். மசூதியிலிருக்கும் எண்ணெய் விளக்கைச் சுற்றி உட்கார்ந்து ஓதினால்தான் படிப்பு முழுமை பெறும். போர்த்துக்கீசியரை எதிர்த்து மலபார் போராடிய வரலாற்றை இரண்டாம் ஷைனுத்தீன் மக்தூம் அரபியில் எழுதினார்.

நோன்பு மாதத்து மாலையில் பொன்னானிக் கடைத்தெரு ஒரு தனி உலகம். ஆனால் மற்ற நாட்களில் போனாலும் ஏமாற்றமில்லை. அரிசிப் பத்திரி, கோழிக்கறி, நெய்ச்சோறு, மீன். எல்லாவற்றுக்கும் மேலே முட்டைமாலை. முட்டையின் மஞ்சள் கருவைக் கொதிக்கும் சர்க்கரைப் பாகில் மெல்லிய நூலாகச் சுற்றிவிட்டு, எடுத்துக் குவித்து வைக்கிறார்கள். மிஞ்சிய வெள்ளைக் கருவை வீணாக்காமல் ஆவியில் வேகவைத்து அடியில் வைப்பார்கள். இனிப்பில் முட்டையா என்று தயங்குகிற சைவ நாக்குகள், எலுமிச்சை பிழிந்த சுலைமானி டீயோடு திருப்திப்படலாம்.

சூரியன் இறங்கும் நேரத்துக்கு முகத்துவாரம் போய்விட வேண்டும். வடக்கிலிருந்து திரூர்ப்புழா வந்து சேர, இரண்டும் கூடிக் கடலுக்குள் போகின்றன. மறுகரைத் திட்டுகளில் நீர்ப்பறவைகள். மீன்பிடிப் படகுகள் வரிசையாக உள்ளே வருகின்றன. மூன்று நாளாகத் தேடிய ஆறு, கரைக்குக் கரை ததும்பி, கடைசியில் இங்கேதான் ஆறாகத் தெரிகிறது. பார்க்கிறவர்களுக்கு நிம்மதியாக இருக்கும்.

உள்ளூர்க்காரர்களுக்கு விஷயம் தெரியும். மேலிருந்து தள்ளத் தண்ணீர் இல்லாதபோது கடல் உள்ளே வரும். அதைத் தடுக்கத்தான் சம்ரவட்டத்தில் மதகுகளோடு பாலம் கட்டி 2012-ல் திறந்தார்கள். வேனிலில் இந்த முகத்துவாரத்தில் ததும்புவது பெரும்பாலும் ஆனைமலையின் தண்ணீர் அல்ல. ராமசேரிப் பானையில் கொதித்ததும், பட்டாம்பி வயலில் பாய்ந்ததும், திருநாவாயில் எள்ளோடு விட்டதும் போக மிஞ்சியது கொஞ்சம்தான். ஒரு கை அள்ளி வாயில் விட்டால் கரிக்கிறது.